தொட்டியில் தலைப்பிரட்டை, தோட்டத்தில் தேரை: வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி மழை தொடங்கியது முதல் தலைப்பிரட்டைகளையும் தேரைக்குஞ்சுகளையும் பற்றிய கடிதங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால், ஒரு கடிதத்தை மட்டும் சுருக்கித் தந்துள்ளோம்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் தேங்கிய மழைநீரில் கன்னங்கரேல் என்று நூற்றுக்கணக்கான தலைப்பிரட்டைகள் கூட்டமாகத் திரிகின்றன. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகன் சிலவற்றை வீட்டில் வளர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறான். இவை தவளையா, தேரையா? எப்படி வளர்ப்பது?
*வாசகி, கும்பகோணம்*

கன்னங்கரிய நிறம், சிறிய உடல், கூட்டமாகத் திரியும் இயல்பு ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால், அவை நம் வீட்டுத் திண்ணையிலும் தெருவிளக்கின் அடியிலும் இரவில் வந்து உட்காரும் சாதாரணத் தேரையின் தலைப்பிரட்டைகளாகவே இருக்க வேண்டும். சில ஊர்களில் இதையே சொறித்தவளை என்பார்கள். முட்டைகளைப் பார்த்திருந்தால் ஐயமே எழுந்திருக்காது. நம் வீடுகளுக்குள் வரும் மரத்தவளை, நீருக்கு மேலே தொட்டிச் சுவரில் வெண்ணுரைக் கூடு கட்டி அதனுள் முட்டையிடும். தேரையோ நீருக்குள் புல்லையும் செடித் தண்டுகளையும் சுற்றி, முழக்கணக்கில் நீளும் பசைக்கயிறாக முட்டையிடும். கண்ணாடிபோன்ற அந்தப் பசையினுள் கறுப்பு முட்டைகள் வரிசையாகத் தெரியும். ஒரு பெண் தேரை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அவற்றுள் பெரியதாக வளர்ந்து மீண்டும் நீருக்கு வருபவை மிகச் சிலவே என்பதால், பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைச் சில வாரங்களுக்கு எடுத்து வளர்த்து அதே இடத்தில் திரும்ப விடுவதால் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய கேடு எதுவும் நேராது. ஆனால் காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றிலிருந்து எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. கொல்லைக் குட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாத்திரம் ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பதே முக்கியம். தவளை இனங்கள் பலவற்றின் தலைப்பிரட்டைகள் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும். தேரையின் தலைப்பிரட்டைக்கு நுரையீரல் கடைசிக் கட்டத்தில்தான் வேலை செய்யத் தொடங்குகிறது. அதுவரை செவுளாலும் தோலாலும் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை நம்பியே அது வாழ வேண்டியிருப்பதால், குடத்திலோ வாளியிலோ விடுவதைவிட வாயகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் அரையடிக்கும் குறைவான உயரத்துக்கு நீர் விட்டு வளர்ப்பது நல்லது. அவற்றைப் பிடித்த குட்டையின் நீரையே எடுத்து வந்து ஊற்றுங்கள். பாசி படர்ந்த ஒரு கல்லும் இரண்டு நீர்ச்செடிகளும் போதும். தொட்டியை வெளிச்சம் படும்படியும், நண்பகல் வெயில் நேராகப் படாதபடியும் வையுங்கள். மேலே கொசுவலைத் துணியைக் கட்டிவிடுங்கள்.

உணவு விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு அள்ளிப் போடுவதுதான். தலைப்பிரட்டையின் வாய் சுரண்டித் தின்பதற்கென்று அமைந்தது. கொம்புபோன்ற கடினமான சிறு தாடையும், அதன் மேலும் கீழும் சீப்பு வரிசையாகப் பற்களும் கொண்டு, கல்லில் படிந்த பாசியை அது நாள் முழுவதும் சுரண்டிக்கொண்டே இருக்கும். அதற்குத் துணையாக, நன்றாக வேகவைத்த கீரையில் ஒரு சிட்டிகையை இரண்டு நாளைக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். வாரத்துக்கு ஒரு முறை, வெந்த முட்டையின் மஞ்சள் கருவில் மிளகளவு கொடுக்கலாம். தின்றது போக மீந்ததை அன்று மாலையே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீர் நாறிவிடும். ஒரு குஞ்சைக் கண்ணாடிக் குவளையில் விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்: வயிற்றுத் தோலுக்குள் குடல் முறுக்குச் சுற்றாகச் சுருண்டு கிடப்பது மங்கலாகத் தெரியும். இலைதழை தின்னும் உயிருக்கு இத்தனை நீளக் குடல் வேண்டும். இதே குஞ்சு தேரையாகிப் பூச்சி தின்னத் தொடங்கும்போது அந்தக் குடல் மிகவும் குறுகிவிடும்.

கூட்டமாக இருப்பதைப் பற்றியும் ஒரு சொல். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், இதே தேரையின் தலைப்பிரட்டைகளைக் கொண்டு செய்த சோதனைகளில், அவை உடன்பிறந்தவற்றையும் அயலாரையும் பிரித்தறிந்து உடன்பிறந்தவற்றின் பக்கமே சேர விரும்புவதைக் கண்டறிந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே ஒரே இடத்துக் கூட்டத்திலிருந்து எடுங்கள். பல குட்டைகளிலிருந்து கொண்டுவந்து கலக்காதீர்கள்.

நாங்கள் வளர்த்த தலைப்பிரட்டைகளின் நீர் கலங்கிவிட்டதால் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் குழாய்நீர் பிடித்து விட்டோம். மறுநாள் காலையில் பெரும்பாலானவை செத்து மிதந்தன. நோயாக இருக்குமா?
*வாசகர், திருச்சி*

நோயைவிடக் குழாய்நீரில் கலந்திருக்கும் குளோரின்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நம்மைக் காக்கச் சேர்க்கப்படும் அந்தப் பொருள், மெல்லிய செவுளையும் தோலையும் கொண்ட உயிர்களுக்கு நஞ்சாகிவிடுகிறது. குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு முழுநாள் வெயிலில் திறந்து வைத்த பின் பயன்படுத்துங்கள். மழைநீர் கிடைத்தால் அதுவே மேல். இன்னொன்று, நீர் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றவே கூடாது. மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு, அதே அளவு வெப்பம் உள்ள நீரை மெதுவாக ஊற்றுங்கள்.

எங்கள் தலைப்பிரட்டைகளுக்குப் பின்கால்கள் வந்து பல நாட்களாகிவிட்டன. இப்போது முன்கால்களும் வந்துவிட்டன, ஆனால் மூன்று நாட்களாக எதையுமே தின்னாமல் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. ஒன்று இறந்தும்விட்டது. என்ன செய்வது?
*வாசகி, நாமக்கல்*

தின்னாமல் இருப்பது இயல்பு, இறந்ததுதான் தவிர்த்திருக்கக்கூடியது. தங்கள் தொட்டியில் கரை இருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. முன்கால்கள் வெளிவந்த அந்த நாட்களில் ஒரு தலைப்பிரட்டையின் உடலில் எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகின்றன. சுரண்டும் பற்கள் உதிர்ந்து வாயின் பிளவு கண்ணுக்கு அடிவரை அகலும், குடல் சுருங்கும், செவுள் மறைந்து நுரையீரல் பொறுப்பேற்கும். வாயும் வயிறும் பழுது பார்க்கப்படும் அந்நாட்களில் அதற்கு உணவு தன் வால்தான். வாலின் சதையைக் கரைத்து உள்ளிழுத்துக்கொண்டு அதிலிருந்தே உடலை நடத்துகிறது. ஆகவே கீரை போடுவதை நிறுத்திவிடுங்கள்.

ஆனால் செவுள் மறைந்த உயிரால் இனி நீருக்குள் மூச்சுவிட முடியாது. பாதி வாலோடு சரியாக நீந்தவும் வராது, உட்காரவும் இடமில்லை என்றால் அது மூழ்கியே இறந்துவிடும். ஆகையால் தொட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, நீரை இரண்டு விரல் உயரத்துக்குக் குறைத்து, உயர்ந்த பக்கத்தில் ஈரமண்ணும் பாசியும் பரப்பிச் சரிவான கரை அமைத்துக் கொடுங்கள். செங்கல்லை நிமிர்த்தி வைப்பது போதாது. செங்குத்தான விளிம்பில் அவற்றால் ஏற முடியாது. உடைந்த ஓட்டுத்துண்டைச் சாய்த்து வைத்தால் ஏறிக்கொள்ளும்.

முன்கால்கள் ஒரே இரவில் முளைத்துவிட்டதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் பின்கால்கள் வளரும் காலத்திலேயே முன்கால்களும் செவுளறையின் தோலுக்கு அடியில் மடங்கியபடி வளர்ந்துகொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரிவதில்லை. முன்கால் வருவதற்கு முந்தைய நாள் கூர்ந்து பார்த்தால், கன்னத்தின் இருபுறமும் முழங்கை தோலைத் தள்ளிப் புடைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இவை அனைத்தையும் நடத்துவது தைராய்டுச் சுரப்பியின் நீர்தான். 1912-இல் குடெர்நாட்ச் என்னும் அறிவியலாளர், குதிரையின் தைராய்டுச் சதையைத் தலைப்பிரட்டைகளுக்கு உணவாகக் கொடுத்து, வளர வேண்டிய காலத்துக்கு வெகு முன்பே அவை மிகச் சிறிய தவளைகளாக மாறிவிட்டதைக் காட்டினார். வீட்டில் நாம் பார்ப்பதும் ஏறத்தாழ இதுபோன்றதுதான்: வெயில் மிகுந்து, நீர் வற்றத் தொடங்கினால் அவை வளர்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு அவசரமாகக் கரையேறிவிடும், அப்படி ஏறிய குஞ்சுகள் சிறியவையாகவே இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து கரையேறும் வரை பெரும்பாலும் ஐந்தாறு வாரங்கள் ஆகும். குளிர்ந்த இடங்களில் கூடுதலாகும்.

என் தேரைக்குஞ்சுகளுக்குச் சோற்றுப் பருக்கை போட்டேன், செத்த எறும்புகளைப் போட்டேன், மீன் தீனியும் போட்டேன். எதையும் அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன்?
*ஒன்பதாம் வகுப்பு மாணவர், தூத்துக்குடி*

தம்பி, அவற்றின் கண்ணுக்கு நீ போட்டது உணவாகவே தெரியவில்லை. நகராத பொருள் தேரைக்கு இரையன்று. ஜெர்மனியில் யோர்க் பீட்டர் எவெர்ட் என்னும் ஆய்வாளர் தேரைகளின் முன்னால் அட்டைத் துண்டுகளை நகர்த்திக் காட்டிச் செய்த சோதனைகள் உயிரியல் மாணவர்கள் எல்லோரும் படிப்பவை. நீளமான அட்டைத்துண்டு தன் நீளவாக்கில் புழுவைப்போல் நகர்ந்தால் தேரை திரும்பி, நெருங்கி, நாக்கை வீசும். அதே துண்டை நிமிர்த்தி நிறுத்திப் பக்கவாட்டில் நகர்த்தினால் கண்டுகொள்ளவே கொள்ளாது, சில நேரம் பதுங்கவும் செய்யும். நீயும் தீக்குச்சி நீளத்துக்குக் கறுப்புத்தாளைக் கத்தரித்து, மெல்லிய நூலில் கட்டி, தோட்டத்துப் பெரிய தேரையின் முன்னால் இரண்டு விதமாகவும் இழுத்துப் பார்க்கலாம். நாலைந்து தடவைக்கு மேல் ஏமாற்ற வேண்டாம்.

ஆக, குஞ்சுகளுக்கு உயிருள்ள இரை வேண்டும்; அதுவும் அவற்றின் வாய்க்குள் நுழையும் அளவில் வேண்டும். வால் மறைந்த புதிதில் ஒரு தேரைக்குஞ்சு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதில்லை, சிலது அதற்கும் குறைவு. சாதாரண ஈயே அதற்குப் பெரிது. மட்கிய இலைக்குவியலைக் கிளறினால் துள்ளி ஓடும் வெண்ணிறப் பொடிப்பூச்சிகள், அவரைக் கொழுந்தில் அப்பியிருக்கும் அசுவினி, சின்னஞ்சிறு எறும்பு, கரையான் ஆகியவை ஏற்றவை. அழுகிய வாழைப்பழத்தைத் திறந்த பாட்டிலில் போட்டு வைத்தால் இரண்டு நாளில் பழ ஈக்கள் மொய்க்கத் தொடங்கும். பாட்டிலின் வாயைத் துணியால் மூடிக் கொண்டுவந்து தொட்டிக்குள் திறந்து விடலாம். பூச்சிமருந்து தெளித்த செடியிலிருந்து எதையும் எடுக்காதே.

முதல் இரையைப் பிடிப்பதை உட்கார்ந்து பார். எறும்பு நகரும்போது குஞ்சு தலையைத் தாழ்த்தும், பின்கால் விரல் ஒன்று தனியாகத் துடிக்கும், பிறகு நாக்கு வெளியே போனதும் தெரியாது, உள்ளே வந்ததும் தெரியாது. எறும்பு மட்டும் இருந்த இடத்தில் இராது. விழுங்கும்போது இரண்டு கண்களும் மூடித் தலைக்குள் இறங்கும். கண்விழிகளே உள்ளே இறங்கி இரையைத் தொண்டைப்பக்கம் தள்ளுகின்றன. தேரைக்குப் பல் கிடையாது.

இப்படி ஒரு குஞ்சு ஒரு நாளில் தின்னும் பொடிப்பூச்சிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், பத்துக் குஞ்சுகளுக்குத் தீனி தேடுவது பள்ளிக்குப் போகும் ஒருவரால் ஆகிற காரியமன்று என்பது உனக்கே விளங்கிவிடும். நீரில் இருக்கும் வரை வீட்டில் வளர்ப்பது எளிது. கரையேறிய பின் அவற்றை வீட்டில் அடைத்து வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வால் முழுவதும் மறைந்து, முதல் சில இரைகளைப் பிடித்துவிட்டதைப் பார்த்ததும், மழை பெய்த மாலையொன்றில் எடுத்த இடத்துக்கு அருகிலேயே புல்லும் சருகும் ஈரமும் உள்ள நிழலில் விட்டுவிடு. கட்டாந்தரையிலோ வெயிலிலோ விட்டால் சிறிது நேரத்திலேயே உலர்ந்து இறந்துவிடும். தேரை வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றின் பின்பகுதித் தோலை ஈரத்தில் அழுத்தி உட்கார்ந்து உறிஞ்சிக்கொள்கிறது.

ஒரு தேரைக்குஞ்சு பூந்தொட்டி மண்ணுக்குள் புதைந்துவிட்டது. "கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான், அது பிழைத்துக்கொள்ளும்" என்கிறார் என் தாத்தா. உண்மையாகவே உணவில்லாமல் இருக்குமா?
*வாசகி, மதுரை*

ஈரம் இருந்தால் மண்ணுக்குள் பகலில் பதுங்குவது அதன் இயல்பு, இரவில் தானே வெளியே வரும். தாத்தாவின் நம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் பாறையை உடைத்தபோது உயிருள்ள தேரை வெளிப்பட்டதாகக் கதைகள் ஏராளமாக உலவின. ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்த வில்லியம் பக்லண்ட் அதைச் சோதித்தே பார்த்துவிடுவது என்று 1825-இல் முடிவு செய்தார். நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லில் பன்னிரண்டு குழிகளும் இறுகிய மணற்கல்லில் பன்னிரண்டு குழிகளும் குடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேரையை எடைபோட்டு வைத்துக் கண்ணாடியால் மூடி முத்திரையிட்டு, தம் தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் தோண்டியபோது மணற்கல்லில் இருந்தவை அனைத்தும் இறந்திருந்தன. சுண்ணாம்புக் கல்லில் இருந்தவற்றுள் பெரியவை பல உயிரோடு இருந்தன. சிறியவை எல்லாம் இறந்துவிட்டன. உயிரோடு இருந்தவற்றில் இரண்டு எடை கூடியிருந்தன. அவற்றுள் ஒன்றின் மூடியில் விரிசல் இருந்ததால் பூச்சிகள் நுழைந்திருக்க வேண்டும் என்று அவரே கருதினார். மீண்டும் புதைக்கப்பட்டவை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மாண்டன.

தாங்கள் கவனிக்க வேண்டியது சிறியவற்றின் கதியைத்தான். முழுவளர்ச்சி பெற்ற தேரை உடலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். கரையேறிய குஞ்சிடம் அப்படிச் சேமிப்பு எதுவும் இல்லை. வாலைத் தின்று முடித்த சில நாட்களுக்குள் அதற்கு இரை கிடைத்தாக வேண்டும். ஆகவே தொட்டியைத் தோட்டத்தில், சருகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்துவிடுங்கள்.

தேரையைக் கையில் எடுத்தால் உடனே நீர் கழிக்கிறது. அது நஞ்சா? கையில் மரு வருமா? வீட்டில் நாயும் இருக்கிறது.
*வாசகர், சேலம்*

கழிப்பது நஞ்சன்று, சிறுநீர்ப்பையில் அது சேமித்து வைத்திருக்கும் நீர். வறண்ட காலத்தில் அதையே உடலுக்குத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், வேடிக்கைக்காக எடுத்து அதை இழக்கச் செய்யாமல் இருப்பது நல்லது. மரு ஒரு வைரஸால் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது. தேரைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நஞ்சு இருப்பது கண்ணுக்குப் பின்னால் தடித்திருக்கும் இரண்டு சுரப்பிகளில். அழுத்தினால் பால்போன்ற திரவம் கசியும். அது இதயத்தைத் தாக்கக்கூடியது. முட்டையிலும் நஞ்சு உண்டு. தொட்ட கையால் கண்ணையும் வாயையும் தொடாமல், உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொடுவதற்கு முன்பும் வெறும் நீரில் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் கையில் இருக்கும் உப்பும் எண்ணெயும் அவற்றின் தோலுக்கு ஆகாது. நாய் தேரையைக் கவ்வி நுரை தள்ளினால், வாயை நிறைய நீர் விட்டு வெளிப்பக்கமாகக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

மருமகள் கருவுற்றிருக்கும் வேளையில் பேரன் தேரை வளர்க்கிறான். பிறக்கும் குழந்தைக்குத் தேரை விழுந்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
*வாசகி, தஞ்சாவூர்*

அம்மா, உடல் மெலிந்து, வயிறு ஒட்டி, கைகால் சூம்பிய குழந்தையைப் பார்த்து முன்னோர் தேரையின் மேல் பழி போட்டார்கள். அதற்குக் காரணம் ஊட்டக் குறைவும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் தொற்றும்தான். வழுக்கையில்லாத தேங்காயைத் தேரை மோந்தது என்று சொல்வதும் இதுபோன்றதே. மருமகள் தொட்டியைக் கழுவும் வேலையை மட்டும் செய்ய வேண்டாம்; அழுக்கு நீரில் கிருமி இருக்கும், அது எந்தத் தொட்டிக்கும் பொருந்தும்.

தலைப்பிரட்டைகள் கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்பதால் தொட்டியைத் திறந்தே வைத்திருக்கலாமா?
*வாசகர், சென்னை*

கூடாது. தேரையின் தலைப்பிரட்டை முதன்மையாகப் பாசியையும் மட்கிய பொருளையும் தின்பது. கொசுவை ஒழிக்க அதை நம்ப முடியாது. டெங்கு பரவும் மழைக்காலத்தில் கொசுவலை மூடாத எந்த நீர்த்தொட்டியும் அண்டை வீட்டாருக்கும் தொல்லைதான்.

சமவெளியில் உள்ள எங்கள் வீட்டில் வளர்ந்த இருபது தேரைக்குஞ்சுகளைக் குன்னூரில் மகள் வீட்டுத் தோட்டத்தில் விடலாம் என்று நினைக்கிறேன். பூச்சிகளைத் தின்று செடிகளைக் காக்குமே?
*வாசகர், மேட்டுப்பாளையம்*

நல்லெண்ணம்தான், ஆனாலும் வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் உலகில் வேறெங்கும் காணப்படாத தவளை, தேரை இனங்கள் பல வாழ்கின்றன. ஓரிடத்து நீரில் உள்ள பூஞ்சையும் ஒட்டுண்ணியும் குஞ்சுகளின் தோலோடும் குடலோடும் சேர்ந்து பயணம் செய்யும். உலகின் பல பகுதிகளில் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை பரவியதில் மனிதர் இடம்விட்டு இடம் கொண்டுசென்ற விலங்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

தேரை தனக்கு உரியதல்லாத இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு, நம் வீட்டுத் தேரையின் இனமே சான்று. இன்று டுட்டாஃபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ் என்று அறியப்படும் அதே இனம் (இந்தப் பேரினத்துக்கு 2006-இல் இந்திய ஆய்வாளர் சுசீல் குமார் தத்தாவின் பெயர் சூட்டப்பட்டது) மடகாஸ்கர் தீவின் தோமசினா துறைமுகப் பகுதியில் பரவியிருப்பது 2014-இல் உலகுக்குத் தெரியவந்தது. சரக்குப் பெட்டகங்களோடு கப்பலில் சென்றதாகக் கருதப்படுகிறது. அந்தத் தீவுக்கென்று தேரை இனம் எதுவும் இருந்ததில்லை. ஆதலால் அங்குள்ள பாம்புகளுக்கும் பிற வேட்டை விலங்குகளுக்கும் தேரையின் நஞ்சைத் தாங்கும் உடலமைப்பும் பெரும்பாலும் இல்லை. அதை இனி முற்றிலும் அகற்றுவது மிகக் கடினம் என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

குன்னூர்த் தோட்டத்தில் தேரைகள் வேண்டுமென்றால், மகளிடம் பூச்சிமருந்தைக் குறைக்கச் சொல்லுங்கள். விளிம்பு உடைந்த மண்சட்டி ஒன்றைச் செடியின் நிழலில் கவிழ்த்து, நுழைய இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் நீரும் சாய்வாக ஒரு கல்லும் இருக்கட்டும். அந்தப் பகுதிக்கு உரியவை தாமாக வந்து சேரும். தங்களிடம் உள்ள இருபதையும் எடுத்த குட்டைக்கரையிலேயே விட்டுவிடுங்கள். குட்டை இதற்குள் வற்றியிருந்தாலும் கவலை வேண்டாம், ஈரமான வரப்பும் புல்லும் இருந்தால் அவற்றுக்கு இனி குட்டை தேவையில்லை.